திட்டு வாங்கும்போதும் ஏன் சிரிப்பு வருகிறது?

மனுஷன் ஏன் சிரிக்கிறான் என்று குழந்தைகள் கேட்டால், "சந்தோஷமா இருந்தா சிரிப்பு வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி. தனியாக உட்கார்ந்து பிடித்த சாக்லேட்டைத் தின்னும்போது முகம் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. டீச்சர் திட்டும்போதோ, சந்தோஷம் துளிகூட இல்லாத நேரத்தில், உதடு தானாக விரிகிறது. இரண்டையும் சேர்த்து விளக்கினால்தான் அது முழுப் பதில்.

இந்தப் பதிவு 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தால் நல்லது. நடுவில் சில சோதனைகள் வருகின்றன. ஒரு கண்ணாடி, ஒரு செல்போன், ஒரு பென்சில், ஒரு போஸ்ட் கார்டு, பொறுமையான ஒரு கூட்டாளி, இவ்வளவு போதும். நான் இங்கே சிரிப்பு என்று சொல்வதெல்லாம் சத்தம் வராத சிரிப்பை. வயிறு குலுங்கச் சிரிப்பதற்கு மூச்சும் தொண்டையும் சேர வேண்டும், அது தனிக் கதை.

முதலில் ஒரு பழைய ஆராய்ச்சி. 1979இல் ராபர்ட் கிராவுட், ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பௌலிங் ஆடும் இடத்தை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கிரிக்கெட் பௌலிங் இல்லை, பெரிய பந்தைத் தரையில் உருட்டி எதிரே நிற்கும் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. பந்தை உருட்டுபவர் கட்டைகளைப் பார்த்து நிற்பார். நண்பர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். சந்தோஷம்தான் சிரிப்பை உண்டாக்குகிறது என்றால், கட்டைகள் சடசடவென்று சரியும் அந்த நொடியிலேயே முகத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் வரவில்லை. ஆட்டக்காரர் திரும்பி நண்பர்களைப் பார்த்தபோதுதான் வந்தது. எத்தனை கட்டை விழுந்தது என்பதைவிட, எதிரில் ஒரு முகம் இருந்ததா என்பதுதான் சிரிப்பைத் தீர்மானித்தது.

இதை கேரம் போர்டில் நீங்களே பார்க்கலாம். ஆடாத ஒருவர் கவனிப்பாளர். ஆடுபவரின் முகம் தெரிகிற இடத்தில் அவர் உட்கார வேண்டும். நோட்டில் இரண்டு பத்தி: "காய்", "ஆள்". ஒவ்வொரு முறை காய் குழியில் விழுந்த பிறகும், சிரிப்பு தொடங்கிய நொடியில் ஆடுபவரின் கண் எங்கே இருந்தது என்று ஒரு கோடு போடுங்கள். சிரிக்கவே இல்லை என்றால் கோடு வேண்டாம். குறைந்தது 20 கோடு சேர்ந்த பிறகுதான் எதையும் முடிவு செய்யலாம். ரெட் போட்டு ஃபாலோவும் போட்டவரைத் தவறவிடாதீர்கள். அவர் கண் காயிலிருந்து எகிறி யார் முகத்துக்குப் போகிறது என்று பாருங்கள்.

இந்தச் சோதனை கெட்டுப்போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எதைக் கவனிக்கிறீர்கள் என்று ஆடுபவர்களுக்குத் தெரிந்துவிட்டால் எல்லோரும் நடிக்க ஆரம்பிப்பார்கள். கவனிப்பாளர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள், அதனால் அவர் உம்மென்று இருக்க வேண்டும். மூன்றாவது கேரமுக்கே உரிய சிக்கல்: எதிராளி நேர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தூக்கினால் போதும். தலையைப் பார்க்காமல் கண்மணியைப் பாருங்கள்.

"நான் தனியா இருக்கும்போதும் போனைப் பார்த்துச் சிரிக்கிறேனே?" நல்ல கேள்வி. 1991இல் ஆலன் ஃப்ரிட்லண்ட் இதைத்தான் சோதித்தார். வேடிக்கையான வீடியோவைச் சிலர் தனியாகப் பார்த்தார்கள். சிலர் நண்பரோடு சேர்ந்து பார்த்தார்கள். இன்னும் சிலர் தனியாகத்தான் பார்த்தார்கள், ஆனால் பக்கத்து அறையில் நண்பரும் அதே வீடியோவைப் பார்ப்பதாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையே போதுமாக இருந்தது. அவர்கள் முற்றிலும் தனியாக இருந்தவர்களைவிட அதிகம் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வீடியோ பிடித்திருந்தது. வாட்ஸப்பில் வந்த ஜோக்கைப் பார்த்துச் சிரிக்கும்போது அதை அனுப்பியவர் உங்கள் மனசுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, சிரிப்பு என்பது உள்ளே இருக்கும் சந்தோஷம் வெளியே கசிவது மட்டும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு முகம் அனுப்பும் தகவல் அது.

முகத்துக்குள் என்ன இருக்கிறது?

கை கால் தசைகள் பெரும்பாலும் ஒரு எலும்பிலிருந்து இன்னொரு எலும்புக்குப் போகும். முகபாவத் தசைகள் அப்படி இல்லை. பெரும்பாலானவற்றின் ஒரு முனை எலும்பில், மறுமுனை தோலில் அல்லது வேறொரு தசையில். அதனால் அவை சுருங்கும்போது எலும்பு நின்ற இடத்திலேயே இருக்க, தோல்தான் நகர்கிறது.

சிரிப்பின் முக்கிய வேலைக்காரர் சைகோமேட்டிகஸ் மேஜர். பெயர்தான் பெரிசு, கன்ன எலும்பில் தொடங்கி வாய் ஓரத்தில் முடியும் ஒரு பட்டைத் தசை, கன்னத்துக்கு ஒன்று. அதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். கண்ணின் வெளி ஓரத்துக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படுவது கன்ன எலும்பு. அங்கிருந்து வாய் ஓரத்துக்கு மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் நடுவில் இரண்டு விரல் நுனியை லேசாக வையுங்கள். பல் ஒன்றோடொன்று படாமல், மெதுவாகச் சிரியுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று திரண்டு மேலேறும். அழுத்திப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தால், காதுக்குக் கீழே தாடையின் பின்பக்கம் வேறொன்று புடைக்கும். அது மேசட்டர் என்ற மெல்லும் தசை. சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு வேலை இருக்கிறது.

வாய் ஓரத்தில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது, மோடியோலஸ் என்று பெயர். பந்தல் கம்பத்தின் உச்சியில் நாலு பக்கமும் கயிறு கட்டியிருப்பது போல, பல தசைகள் அந்த ஒரு முடிச்சில் வந்து சேர்கின்றன. ஒன்று மேலே சாய்வாக இழுக்கும், ஒன்று பக்கவாட்டில், ஒன்று கீழே. எது எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்து அதே வாய் ஓரம் சிரிப்பாகவோ, அழுகையாகவோ, நக்கலாகவோ மாறும்.

போட்டோ எடுக்கும்போது "சீஸ்" சொல்லச் சொல்கிறார்களே, அது சரியாக வராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடி முன் "ஈ" என்று நீட்டிச் சொல்லுங்கள். உதடு பக்கவாட்டில் நீள்கிறது. அடுத்து நிஜமாகச் சிரியுங்கள். இப்போது வாய் ஓரம் சாய்வாக மேலே, கன்ன எலும்பை நோக்கிப் போகிறது. இழுக்கும் திசையே வேறு. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பாதிப் பேர் பல்வலி வந்தவர்கள் மாதிரித் தெரிவதற்கு "ஈ" ஒரு காரணம்.

கன்னக்குழி? சிலருக்கு சைகோமேட்டிகஸ் மேஜர் நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், பிரிந்த இடத்தில் தோல் உள்ளே ஒட்டியிருக்கும். சிரிக்கும்போது தசை சுருங்க, ஒட்டிய தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழும். பெரும்பாலான கன்னக்குழிகளுக்கு இதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதோடு, எல்லோர் முகத்திலும் ஒரே எண்ணிக்கையில் தசைகள் இல்லை. வாயைப் பக்கவாட்டில் இழுக்கும் ரிசோரியஸ் என்ற மெல்லிய தசை சிலருக்குக் கிடையவே கிடையாது. "சிரிக்க 17 தசை போதும், முறைக்க 43 தசை வேண்டும்" என்று ஒரு பொன்மொழி சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னது இல்லை. சின்னப் புன்னகைக்கு ஒரு ஜோடித் தசையே போதும்.

கண்ணும் சேர்ந்து சிரிப்பது

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டுஷேன் 1862இல் முகத் தசைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் செய்தது கொஞ்சம் விசித்திரமான வேலை. முகத்தில் தொடு உணர்ச்சி மரத்துப்போன ஒரு வயதானவரின் முகத்தில் மின்கம்பி முனைகளை வைத்து, லேசான மின்சாரம் செலுத்தி, ஒவ்வொரு தசையாகச் சுருங்க வைத்துப் போட்டோ எடுத்தார். கன்னத் தசையை மட்டும் தூண்டியபோது வாய் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. அதே மனிதர் நிஜமாகவே சிரித்தபோது எடுத்த படத்தில் கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சுருங்கியிருந்தது. அதன் பெயர் ஆர்பிகுலாரிஸ் ஓக்குலி. கன்னத் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை மனசு சொன்னால்தான் கேட்கும் என்று டுஷேன் முடிவு கட்டினார்.

பத்து வருஷம் கழித்து, 1872இல், சார்லஸ் டார்வின் உணர்ச்சிகளும் முகபாவங்களும் பற்றிய தன் புத்தகத்தில் டுஷேனின் படங்களைப் பயன்படுத்தினார். மின்சாரச் சிரிப்புப் படத்தை 24 பேரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டும் பார்த்தார். 3 பேருக்கு அது என்னவென்றே புரியவில்லை. மற்றவர்கள் சிரிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள், ஆனால் விஷமமான சிரிப்பு, சிரிக்க முயற்சி செய்வது என்றெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு 1978இல் அமெரிக்கர்களான பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தில் நடக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். வாய் ஓரம் மேலே போவது 12. கன்னம் எழும்பிக் கண் சுருங்குவது 6. வெறும் 12 என்றால் ஒப்புக்குச் சிரிப்பது. 6ம் 12ம் சேர்ந்தால் டுஷேன் சிரிப்பு. இரண்டு பேர் சேர்ந்து கண்ணாடி முன் நின்று, ஒருவர் "12!" என்று கத்த மற்றவர் செய்ய, பிறகு "6!" என்று கத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 12 சட்டென்று வரும், 6 தனியாக வராது; கண்ணை இறுக்கி மூடித் திறப்பார்கள்.

போட்டோ சோதனை இப்படி. ஒரே ஆளை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் பத்துப் படம் எடுங்கள். ஐந்து படம் "சிரி" என்று சொல்லி எடுத்தது. ஐந்து படம் அவருக்குப் பிடித்த வேடிக்கையைப் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. பிறகு அந்த இடத்தில் இல்லாத இன்னொருவரிடம், ஒவ்வொரு படத்திலும் மூக்குக்குக் கீழே போஸ்ட் கார்டால் மறைத்துவிட்டு, கண்ணை மட்டும் காட்டி "சிரிக்கிறாரா, இல்லையா?" என்று கேளுங்கள். இரண்டு வகைக்கும் எத்தனை "ஆமாம்" வந்தது என்று எண்ணுங்கள்.

வெயிலில் எடுக்காதீர்கள், வெயிலுக்குக் கண் சுருங்குவதும் அதே வளையத் தசையால்தான். உங்கள் வயசுக்காரர்களுக்குக் கண் ஓரத்தில் சுருக்கம் விழாது, அதனால் தாத்தா பாட்டியிடம் பார்ப்பதை உங்களிடம் தேடக் கூடாது. கீழ் இமைக்கு அடியில் சதை லேசாகப் புடைக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சிக்கல்: வாயை ரொம்பப் பெரிசாக விரித்தால், மனசில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கன்னம் மேலேறிக் கண்ணைச் சுருக்கிவிடும். அப்போது புருவத்துக்கும் மேல் இமைக்கும் நடுவில் உள்ள தோலைப் பாருங்கள். வளையத் தசை வேலை செய்தால் அந்தத் தோல் ஒரு நூல் அளவு கீழே இறங்கும். கன்னம் மட்டும் தள்ளினால் இறங்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். டுஷேன் சொன்னது முழுசாகச் சரி இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில், வேண்டுமென்றே சிரிக்கச் சொன்னபோதும் கணிசமான பேர் கண்ணையும் சேர்த்துச் சிரித்துக் காட்டினார்கள். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரிடமும் போய் "உன் சிரிப்பு பொய்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவர் ஒப்புக்குச் சிரிப்பது பொய் சொல்வதும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து அம்மா, அலுப்பாக இருக்கும்போதும், சிரித்தபடி "வாங்க" என்கிறாரே, அது மரியாதை.

கண்ணைவிட நேரம் நல்ல தடயம் என்பது என் எண்ணம். மனசிலிருந்து வரும் சிரிப்பு பெரும்பாலும் அரை நொடிக்கு மேல், நாலைந்து நொடிக்குள் முடிந்துவிடும்; மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். "ஒரு நிமிஷம், அப்படியே சிரிச்சுக்கிட்டே இருங்க" என்று போட்டோகிராபர் சொல்லும் இடத்தில்தான் படம் கெடுகிறது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த உடனே எடுப்பது நல்ல வழி.

ஒரே முகத்துக்கு இரண்டு வழி

முகத்தின் எல்லா முகபாவத் தசைகளுக்கும் கட்டளை கொண்டுபோவது ஏழாவது மண்டை நரம்பு. முக நரம்பு என்று சொல்வார்கள். பக்கத்துக்கு ஒன்று. காதுக்குக் கீழே மண்டையோட்டின் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதே சுரப்பிதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நரம்புக்கு மூளையிலிருந்து கட்டளை வருவது ஒரே இடத்திலிருந்து இல்லை. "சிரி" என்று சொல்லி நாம் சிரித்தால், கட்டளை மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதியிலிருந்து வருகிறது. ஜோக்குக்குச் சிரித்தால், மூளையின் உள்ளே, உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளிலிருந்து வேறு வழியாக வருகிறது. இரண்டும் தனித்தனி என்பது எப்படித் தெரிந்தது? நோயாளிகளிடமிருந்துதான். பக்கவாதம் வந்த சிலரிடம் டாக்டர் "பல்லைக் காட்டுங்க" என்றால் வாயின் ஒரு பக்கம் மட்டும் போகும். அவரையே பேரக்குழந்தை வந்து சிரிக்க வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக விரியும். மூளையில் வேறு இடத்தில் பாதிப்பு வந்தவர்களிடம் இது அப்படியே தலைகீழாக இருக்கும்: சொன்னால் சரியாகச் சிரிப்பார்கள், தானாக வரும் சிரிப்பில் ஒரு பக்கம் அசையாது.

இதில் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று ஒருவர் வாய் ஒரு பக்கம் கோணினால், சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். இதில் எது தடுமாறினாலும் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108க்குக் கூப்பிடுங்கள். நெற்றியும் சேர்ந்து அசையாமல், கண் மூட முடியாமல் இருந்தால் அது பெரும்பாலும் முக நரம்பிலேயே வரும் பெல்ஸ் பால்சி. ஆனால் அதைப் பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த இரண்டு வழியும் மோதுவதைப் பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு விளையாட்டு இருக்கிறது. எதிர் எதிரே உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்து, முதலில் சிரித்தவர் தோற்றார். அடுத்த முறை விளையாடும்போது போனை ஸ்லோ மோஷனில் வைத்து இருவர் முகத்தையும் எடுங்கள். தோற்பதற்குக் கொஞ்சம் முன்னால் கன்னத்தில் ஒரு துடிப்பு தெரியும். வாய் ஓரம் ஒரு துளி மேலே போகும். உடனே கீழே இழுபடும், உதடு இறுகும், சில பேர் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார்கள். மேலே இழுப்பது தானாக வந்த கட்டளை. கீழே இழுப்பது நீங்கள் கொடுத்தது. கடைசியில் எது ஜெயிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

யார் சொல்லிக்கொடுத்தது?

யாரும் இல்லை. பிறந்த சில நாள் குழந்தையே தூக்கத்தில் சிரிக்கும். "நரி விரட்டுது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மூடிய இமைக்குள் விழி உருளும் வகைத் தூக்கத்தில்தான் இது அதிகம் வரும். யாரையும் பார்த்துச் சிரிப்பது இல்லை. முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால் அந்த தூரத்தில் முகத்தை வைத்து, மெதுவாகப் பேசி, சிரித்து, பிறகு பேசாமல் காத்திருங்கள். பத்து நொடியாவது பொறுக்க வேண்டும். நாம் விடாமல் "ஜோஜோ ஜோஜோ" என்று ஆட்டிக்கொண்டே இருந்தால் பாப்பாவுக்குப் பதில் சொல்ல இடமே கிடைக்காது. பசி, தூக்க நேரத்தில் முயற்சி செய்யாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த பாப்பா என்றால், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வாரத்தை எண்ணுங்கள். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், 14வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோமோ என்று சந்தேகம் வந்தால் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களைக் கேட்கலாம். 2004இல் ஏதென்ஸ் பாராலிம்பிக்ஸ் ஜூடோ போட்டியில் பதக்க நேரத்து முகங்கள் படம் எடுக்கப்பட்டன. டேவிட் மாட்சுமோட்டோவும் பாப் வில்லிங்ஹமும் அவற்றை ஒலிம்பிக்ஸ் ஜூடோ வீரர்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு முகத்தைக்கூடப் பார்த்திராத வீரர்கள், பார்வை உள்ளவர்கள் அசைத்த அதே தசைகளை, அதே மாதிரி அசைத்தார்கள். கடைசிப் போட்டியில் தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்களின் மரியாதைச் சிரிப்பு உட்பட.

இப்போது தலைப்புக்கு வருவோம்

திட்டு வாங்கும் பிள்ளை சிரித்தால் "என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று இன்னொரு திட்டு விழும். பெரியவர்களே, கொஞ்சம் பொறுங்கள். 1995இல் டாக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர் வெட்கப்படும், சங்கடப்படும் முகங்களை வீடியோவில் நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். முதலில் கண் கீழே போகும். பிறகு ஒரு சிரிப்பு வரும், உடனே உதடு இறுகி அதை அடக்கப் பார்க்கும். தலை குனியும் அல்லது ஒரு பக்கம் திரும்பும். சிலர் கையால் முகத்தைத் தொடுவார்கள். எல்லாம் ஐந்து நொடிக்குள். வேடிக்கைக்குச் சிரிப்பவர் முகத்தில் இந்த வரிசை இருக்காது. அந்தப் பிள்ளையின் முகம் சொல்வது "எனக்கு நீங்க ஒரு பொருட்டே இல்லை" என்பதல்ல. "தப்புன்னு தெரியுது, போதும், விட்டுடுங்க" என்பது. நேராகக் கண்ணைப் பார்த்து, தலையை நிமிர்த்தி, வாயின் ஒரு ஓரம் மட்டும் தூக்கினால் அது வேறு, அதற்குத் திட்டலாம்.

இந்தச் சமாதானச் சிரிப்புக்கு ரொம்பப் பழைய உறவினர்கள் உண்டு. பல குரங்கு இனங்களில், பலம் குறைந்த குரங்கு பலமான குரங்கின் முன் சத்தமில்லாமல் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டும்; நான் சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். மனிதனின் புன்னகை அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும், வாய்விட்டுச் சிரிப்பது, குட்டிகள் விளையாடும்போது வாயைத் தளர்வாகத் திறப்பதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் யான் வான் ஹூஃப் என்ற டச்சு ஆய்வாளர் 1972இல் எழுதினார். விளம்பரங்களில் "சிரிக்கும்" சிம்பன்சிகளில் பல உண்மையில் பயந்துபோய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவை.

அழகர் கோயில் போன்ற இடங்களில் நாட்டுக் குரங்கு பல்லைக் காட்டினால் நீங்களும் பதிலுக்குப் பல்லைக் காட்டாதீர்கள். அது பயந்திருக்கிறது. நேராகக் கண்ணைப் பார்ப்பதை நிறுத்தி, கையில் இருக்கும் தீனியை மறைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். வாயை அகலமாகத் திறந்து உற்று முறைத்தால் அது மிரட்டல். அங்கே நிற்கவே வேண்டாம்.

சிரிப்பு தொற்றுமா? தொற்றும். சுவீடனில் உல்ஃப் டிம்பெர்க் குழு 2000இல் வெளியிட்ட சோதனையில், சிரிக்கும் முகம் ஒன்றை ஒரு நொடியில் 33இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டி, உடனே சாதாரண முகத்தால் மறைத்தார்கள். சிரிக்கும் முகத்தைப் பார்த்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கன்னத்தில் ஒட்டியிருந்த மின்முனைகள் சைகோமேட்டிகஸ் மேஜர் லேசாகச் சுருங்கியதைக் காட்டின.

"சும்மா சிரிச்சாலே சந்தோஷம் வந்துடும்" என்பது மட்டும் கொஞ்சம் பார்த்து நம்ப வேண்டியது. 1988இல் ஒரு பிரபலமான சோதனை: பேனாவைப் பல்லால் கடித்து, உதடு படாமல் பிடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அது அதிகம் வேடிக்கையாகத் தெரிந்தது. பேனாவை அப்படிப் பிடித்தால் வாய் சிரிக்கும் வடிவத்துக்கு வரும். பென்சிலில் செய்து பாருங்கள். கூர் முனை வாய்க்குள் வராமல் குறுக்காகப் பிடிக்க வேண்டும், நடந்துகொண்டு செய்யக் கூடாது. 2016இல் 17 ஆய்வகங்கள் அதையே திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. 2022இல் 19 நாடுகளில் 3,878 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், படத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்து அதேபோல் செய்தவர்களுக்குச் சந்தோஷம் கொஞ்சம் கூடியது. பேனா பிடித்தவர்களிடம் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. கூடும், ஆனால் கொஞ்சம்தான். அழுதுகொண்டிருப்பவரிடம் போய் "சிரி, சரியாப்போயிடும்" என்று சொல்ல இது போதாது.

கடைசியாக, சிரிக்கவே முடியாதவர்கள். மோபியஸ் சிண்ட்ரோம் என்ற அரிய நிலையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முக நரம்பு வளர்ந்திருக்காது. உள்ளே சந்தோஷம் எல்லோரையும் போல இருக்கும், முகம் அசையாது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பவும் பெரும்பாலும் முடியாது. வகுப்பில் இப்படி ஒருவர் இருந்தால் "சிடுமூஞ்சி" என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அவர்கள் சந்தோஷத்தைக் குரலிலும் கையிலும் உடம்பை அசைப்பதிலும் காட்டுவார்கள்; பேசும்போது அங்கே பாருங்கள்.

இவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். உள் தொடையில் கிராசிலிஸ் என்ற தசை இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் நடக்க ஓட முடியும். அந்தத் துண்டை வாய் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் தைத்து, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து ரத்தக் குழாய்களை இணைத்து, மேசட்டருக்குப் போகும் நரம்பின் ஒரு கிளையை அதில் சேர்த்துவிடுவார்கள். நரம்பு தசைக்குள் வளர்ந்து வேலை செய்யச் சில மாதம் ஆகும். அதன் பிறகு அந்தக் குழந்தை பல்லைக் கடித்தால் வாய் ஓரம் மேலே போகும். தினமும் கண்ணாடி முன் கடித்துக் கடித்துப் பழகுவார்கள். முதலில் கடித்தால்தான் சிரிப்பு, நாளாக ஆகப் பலருக்குக் கடிக்காமலே வந்துவிடும். சாப்பிடும்போது மட்டும், மெல்லுகிற ஒவ்வொரு வாய்க்கும் உதடு கொஞ்சம் மேலே இழுபடலாம். பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால், சோற்றைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்க வேண்டியிருக்காது.